கைக்கு அடங்கும் டேப்: ஐந்து வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

எட்டு, எட்டே முக்கால் இன்ச் ஆண்ட்ராய்டு டேப் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கையில் பிடித்துக்கொண்டு பார்க்கப் போகிறீர்களா, மேசையில் நிறுத்தி வைத்தா? மேசை என்றால் பெரியதாகவே வாங்கிவிடுங்கள். கையில் என்றால் மேலே படியுங்கள், ஏனென்றால் இந்த அளவில் இருக்கிற நல்லது எல்லாமே கையில் பிடிப்பதால் வருவது, கெட்டதில் பாதி அதை மறந்துவிட்டு வேறு எதற்கோ பயன்படுத்துவதால் வருவது.

நான் முதல் சின்ன டேப் வாங்கியது படிப்பதற்காக. வேலை நிமித்தம் நிறைய பிடிஎஃப் படிக்க வேண்டியிருந்தது. ஃபோனில் ஒவ்வொரு வரியையும் இடமும் வலமுமாக இழுத்துப் படித்துக் கண்ணும் கட்டைவிரலும் ஓய்ந்துபோயிருந்தன. நண்பர் ஒருவரிடம் பத்து இன்ச் டேப் இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். திரை அருமை, ஆனால் கிட்டத்தட்ட அரை கிலோ; படுத்துக்கொண்டு பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். அப்புறம்தான் நடுவில் இருக்கிற அளவைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கடைப் பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கு நம்மை ஏமாற்றும், அது மூலைக்கு மூலை அளந்தது. 6.6 இன்ச் ஃபோன், 8.7 இன்ச் டேப் என்று கேட்டால் இரண்டு இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீண்டு ஒல்லியாக இருக்கிற அந்த ஃபோன் திரை சுமார் 16 சதுர இன்ச். டேப் திரை 33 சதுர இன்ச். இரட்டிப்பு. வீடியோ பார்க்கும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் ஃபோனில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், படம் கிடைப்பது 13 சதுர இன்ச்தான். டேபில் அதே படம் 31. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு வாங்கத் தைரியம் வந்தது.

பிடிஎஃப் விஷயத்தில் மட்டும் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 8.7 இன்ச் டேபை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 11 சென்டிமீட்டர் சொச்சம். அதாவது 12 புள்ளியில் (பாயிண்ட், அச்செழுத்தின் அளவு) அச்சிட்ட எழுத்து உங்கள் கண்ணுக்கு ஆறரைப் புள்ளி அளவில் வரும், மருந்துச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்குமே, அந்த மாதிரி. முதல் இரண்டு வாரம் இதனால் மனம் வெறுத்துப்போனேன். பிறகு கண்டுபிடித்தது மிகச் சாதாரணமான வழி: ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிவிடுவது. கேஓரீடர் மாதிரியான செயலிகளில் ஓரத்தைத் தானாகவே வெட்டும் வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் ஓரம் போனால் 12 புள்ளி எழுத்து எட்டரைக்கு வந்துவிடும், இது படிக்கக்கூடிய அளவு. அதுவும் போதவில்லை என்றால் டேபைப் படுக்கையாகத் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படிக்கலாம், அப்போது எழுத்து அச்சில் இருந்ததைவிடப் பெரிதாகவே தெரியும். இரண்டு பத்தியாக அச்சிட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். ஈபப் புத்தகமாகக் கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எழுத்தை வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். நாவல், கதை, நீண்ட கட்டுரை இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரு கையால் பிடித்து, மறு பக்கம் திரும்பிப் படுத்து, இடது கைக்கு மாற்றி, மணிக்கணக்கில் படிக்கலாம்.

எடை பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். டேப் 340 கிராம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மூடித் திறக்கிற கனமான உறை ஒன்றை மாட்டினேன். கை வலி மறுபடி வந்தது, ஏன் என்று புரியவில்லை. ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் உறை மட்டும் 210 கிராம்! இரண்டும் சேர்ந்து 550, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த அந்தப் பத்து இன்ச் டேபைவிட அதிகம். எதற்காகச் சின்னதாக வாங்கினேனோ அதையே உறை தின்றுவிட்டது. அன்றே கழற்றிவிட்டு மூலைகள் மட்டும் தடித்த மெல்லிய சிலிகான் உறைக்கு மாறினேன். உறை வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள்.

இனி குறைகள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். சின்ன டேபின் குறைகள் என்று எல்லோரும் சொல்கிறவற்றில் பெரும்பாலானவை அளவினால் வந்தவை அல்ல, மலிவினால் வந்தவை. ஒரு காலத்தில் இந்த அளவில் முதல்தரமான கருவிகள் வந்தன. 2013இல் வந்த கூகுளின் இரண்டாம் நெக்ஸஸ் 7 டேப் வெறும் ஏழு இன்ச்சுக்குள் 1920×1200 பிக்சல் வைத்திருந்தது. 2014இல் சோனியின் எக்ஸ்பீரியா இசட்3 டேப்லெட் காம்பாக்ட் எட்டு இன்ச், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, எடை 270 கிராம்தான். பிறகு ஃபோன்கள் வளர்ந்து ஆறரை இன்ச்சைத் தாண்டின, இனி யார் சின்ன டேப் வாங்குவார்கள் என்று பெரும்பாலான நிறுவனங்கள் இந்த அளவைக் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிற கருவியாக ஒதுக்கிவிட்டன. அதனால்தான் பத்து வருடம் கழித்து வருகிற பல டேப்களில் 8.7 இன்ச் திரைக்கு 1340×800 பிக்சல்தான் கிடைக்கிறது, இன்ச்சுக்கு சுமார் 180 பிக்சல். அந்தப் பழைய நெக்ஸஸில் 323 இருந்தது.

180 போதாதா என்று கேட்கலாம். வீடியோவுக்குப் போதும், கை நீளத்தில் வைத்துப் பார்க்கையில் தெரியாது. படிப்பதற்குத் தெரியும். அதிலும் தமிழ் எழுத்தில் நன்றாகவே தெரியும்: புள்ளி ஒன்றிரண்டு பிக்சலில் முடிந்துவிடும், சின்ன எழுத்தில் ண, ன, கொம்பு, சுழி எல்லாம் ஒன்றோடொன்று கலங்கி நிற்கும். எழுத்தை ஒரு படி பெரிதாக்கி, தடிமன் சற்றுக் கூடிய எழுத்துருவுக்கு மாற்றினால் பாதி சரியாகும். கண் கூர்மையானவர்கள் வாங்கும் முன்பு கடையில் உள்ள டேபில் தாய்மொழிப் பக்கம் ஒன்றைத் திறந்து, படிக்கிற தூரத்தில் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியில் எச்டி என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை ரேம், அதாவது திறந்திருக்கிற செயலிகளைத் தாங்குகிற தற்காலிக நினைவகம். என் முதல் டேபில் 2 ஜிபி. பிடிஎஃபில் 147ஆம் பக்கத்தில் இருக்கிறேன், ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க உலாவியைத் திறக்கிறேன், திரும்பி வந்தால் பிடிஎஃப் செயலி முதலிலிருந்து திறந்துகொண்டிருக்கும். உலாவிக்கு இடம் வேண்டும் என்று ஆண்ட்ராய்டு பின்னால் இருப்பதை மூடிவிடுகிறது, அது அதன் வேலை, தப்பில்லை. ஆனால் படிக்கிறவனுக்கு இழை அறுந்துபோகிறது. 3 ஜிபியிலும் இது அவ்வப்போது நடக்கும். 4 ஜிபிக்குக் கீழே இன்று யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்சேமிப்பும் அப்படித்தான். 32 ஜிபி என்று போட்டிருப்பதில் கணிசமான பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போடலாமே என்பார்கள். புத்தகம், படம், வீடியோ எல்லாம் கார்டில் வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன், இந்த வசதி சின்ன டேப்களின் பெரிய பலம். ஆனால் செயலிகளும் அவற்றின் தற்காலிகக் கோப்புகளும் பெரும்பாலும் உள்ளேதான் உட்காரும். உள்சேமிப்பு நிரம்ப நிரம்ப டேப் மந்தமாகும், ஏனென்றால் மலிவான கருவிகளில் இருக்கிற இஎம்எம்சி வகைச் சேமிப்புக்குக் காலி இடம் குறைந்தால் புதிதாக எழுதுவது சிரமம். நான் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைக்கிறேன். அப்படி விட்ட பிறகு என் இரண்டாவது டேப் மூன்று வருடமாக ஒரே வேகத்தில் ஓடுகிறது. வாங்கும்போது இதைவிட வேகமான வகையான யுஎஃப்எஸ் சேமிப்பு என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு சின்ன விஷயம், கார்டை பழைய எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது, எக்ஸ்ஃபாட் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அப்பா கதைக்கு வருகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குச் செய்தி படிக்கப் பழைய ஃபோன் போதவில்லை. என் டேபைக் கொடுத்தேன். பத்து இன்ச் கொடுத்தபோது மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றவர், இதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "இது நல்லாருக்குப்பா, எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு" என்றார். நான் அமைப்புகளுக்குப் போய், எழுத்தோடு படம், பொத்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கும் காட்சி அளவை (டிஸ்ப்ளே சைஸ்) ஏற்றிவிட்டேன். மறுநாள், "மெயில்ல லெட்டர் பட்டியல் ஒரு பக்கம், லெட்டர் ஒரு பக்கம்னு இருந்துச்சே, அதைக் காணோமே" என்று கேட்டார். எனக்கும் காரணம் புரியவில்லை. தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது: திரையின் குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பல செயலிகள் இதை டேப் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பத்தி அமைப்பைக் காட்டும். டிபி என்பது பிக்சல் அல்ல, காட்சி அளவைப் பொறுத்து மாறுகிற ஓர் அளவை. எட்டு இன்ச் டேப்கள் பெரும்பாலும் அந்த 600 என்ற கோட்டின் மேலேயே நிற்கின்றன. காட்சி அளவை ஒரு படி பெரிதாக்கினால் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும், செயலிகள் இது ஃபோன் என்று நினைத்துக்கொள்ளும், 2022இல் ஆண்ட்ராய்டு 12எல் கொண்டுவந்த, செயலிகளை வரிசையாகக் காட்டும் கீழ்ப்பட்டைகூட மறைந்துபோகலாம். எனவே வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது காட்சி அளவைத் தொடாமல் எழுத்து அளவை மட்டும் ஏற்றுங்கள். எழுத்து பெரிதாகும், அமைப்பு கலையாது. இது தெரிந்திருந்தால் அப்பாவை இரண்டு நாள் அலைக்கழித்திருக்க மாட்டேன்.

மறுதிசையிலும் இதைப் பயன்படுத்தலாம். உங்கள் டேபில் எல்லாம் ஊதிப்போன ஃபோன் மாதிரி தெரிகிறது என்றால் டெவலப்பர் அமைப்புகளில் ஸ்மாலஸ்ட் விட்த் என்ற எண்ணை (மேலே சொன்ன குறுகிய பக்கத்தின் டிபி கணக்குதான்) 640 அல்லது 680 ஆக்கிப் பாருங்கள், பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு. இருந்தும் சில செயலிகள் நிமிர்ந்தே நிற்பேன் என்று அடம்பிடித்து, டேபைப் படுக்கப் போட்டால் நடுவில் ஒரு பட்டையாக ஒடுங்கிக்கொள்ளும். அது செயலியை எழுதியவர்கள் விட்ட குறை. ஆண்ட்ராய்டு 16க்கென்று எழுதப்படும் செயலிகளில் பெரிய திரையில் அப்படிப் பூட்டிவைப்பதை இயங்குதளமே பொருட்படுத்தாது என்று மாற்றியிருக்கிறார்கள், நல்ல காரியம்.

எழுதுவதற்கு? நானும் ப்ளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கி மூன்று மாதம் முயன்றேன். படுக்கை வாட்டில் திரையின் உயரம் 11 சென்டிமீட்டர். மேலே கருவிப்பட்டை, கீழே இன்னொரு பட்டை போக ஏழெட்டு வரிதான் கண்ணில் படும். ஒரு பத்தியை எழுதிவிட்டு முந்தைய பத்தியைப் பார்க்க ஏறி இறங்க வேண்டியிருந்தது. குறிப்பு எடுக்கலாம், அஞ்சலுக்குப் பதில் போடலாம், கட்டுரை எழுத முடியாது. ஆனால் திரையிலேயே தட்டச்சு செய்வது இந்த அளவில் அருமை. நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு கட்டைவிரலும் நடுவில் சந்திக்கின்றன. பத்து இன்ச்சில் அது நடக்காது. திரையைப் பிரிப்பதும் நிமிர்ந்த நிலையில்தான் நன்றாக வரும், மேலே வகுப்பு வீடியோ, கீழே குறிப்பேடு.

சின்னச் சின்னதாக விட்டுவிடுகிற பாகங்கள் இருக்கின்றன, இவை விளம்பரத்தில் கண்ணில் படாது. வெளிச்சத்தை உணரும் சென்சார் இல்லாமல் வருகிற டேப்கள் உண்டு, அறை மாறும்போதெல்லாம் கையால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டேப் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப், அதிர்வு மோட்டார், கைரேகை சென்சார், சிலவற்றில் ஜிபிஎஸ், எது இல்லை என்று விவரப் பட்டியலில் பாருங்கள். பட்டியலில் எழுதவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன் கேமரா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்: குட்டைப் பக்கத்தில் இருந்து, நீங்கள் டேபைப் படுக்கவைத்து வீடியோ அழைப்பு பேசினால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எங்கோ பக்கவாட்டில் பார்த்துப் பேசுவது போலிருக்கும்.

வீடியோ தரத்துக்கு வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையின் நிலை முக்கியம். என் முதல் டேப் எல்3 நிலை. திரை நன்றாக இருந்தும் கட்டணம் கட்டிப் பார்க்கிற படங்கள் மங்கலாகவே வந்தன, இணைய வேகம்தான் காரணம் என்று நினைத்து ரவுட்டரை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். காரணம் அதில்லை, எல்3 என்றால் பெரும்பாலான ஓடிடி செயலிகள் எச்டி தராது. மேல்நிலையான எல்1 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியை நிறுவினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். யுஎஸ்பி சி துளை இருக்கிறதே, டிவியில் இணைக்கலாம் என்று எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கியும் அனுபவப்பட்டேன், படம் வரவில்லை. துளையின் வடிவம் ஒன்று, உள்ளே இருக்கிற வசதி வேறு. யுஎஸ்பி 2.0 மட்டும் உள்ள டேபில் பென் டிரைவ், கீபோர்டு வேலை செய்யும், அந்த அடாப்டர் வழியே படம் போகாது. இன்னொரு பக்கம், ஃபோன்கள் கைவிட்ட ஹெட்ஃபோன் துளை சின்ன டேப்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது, அதற்காகவே எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம்.

பேட்டரி விஷயத்தில் நான் செய்த தவறை யாரும் செய்ய வேண்டாம். பழைய டேபைக் கடிகாரமாகவும் புகைப்படச் சட்டமாகவும் ஆக்கி இரவு பகலாக சார்ஜரிலேயே மாட்டி வைத்திருந்தேன், ஜன்னல் வெயில் வேறு. ஏழெட்டு மாதத்தில் திரையின் ஓரம் லேசாகத் தூக்கியது. முதலில் பசை விட்டுவிட்டது என்று நினைத்து அழுத்திப் பார்த்தேன், அப்படி அழுத்தியிருக்கவே கூடாது. உள்ளே லித்தியம் அயான் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருந்தது. எப்போதும் நூறு சதவீதத்தில், அதுவும் சூட்டில் வைத்தால் பேட்டரி சீக்கிரம் கெடும், சில சமயம் இப்படி உப்பும். உப்பிய கருவியைச் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், அணைத்துவிட்டு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது டேபில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் வசதியைப் போட்டுவிட்டேன். 5100 எம்ஏஎச் பேட்டரி, படிப்பதற்கு மட்டும் என்றால் எனக்கு இரண்டு நாள் வந்தது. சார்ஜ் ஏறத்தான் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இரவில் படிப்பவர்களுக்கு: எல்சிடி திரையில் வெளிச்சத்தை அடிவரை குறைத்தாலும் இருட்டறையில் கண் கூசும். ஆண்ட்ராய்டு 12இல் அதற்கும் கீழே மங்கலாக்கும் வசதி அணுகல்தன்மை அமைப்புகளில் வந்தது, அதை விரைவு அமைப்புகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகளும் எடுப்பார்கள் என்றால் தனிப் பயனர் கணக்கு போடுங்கள், 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 காலத்திலேயே டேப்களுக்கு வந்த வசதி இது, ஆனால் சில தயாரிப்பாளர்கள் எடுத்துவிடுகிறார்கள். கணக்கு ஒவ்வொன்றும் சேமிப்பைத் தனியாகத் தின்னும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது டேபை அப்பாவே வைத்துக்கொண்டார், திரும்பக் கேட்க மனமில்லை. அதனால் எனக்கு இப்போது மூன்றாவது தேடல். லெனோவோவின் லீஜியன் டேப் 8.8 இன்ச்சில் 2560×1600 பிக்சலோடு வருகிறது, இன்ச்சுக்கு 340 பிக்சலுக்கு மேல். அதை விளையாடுகிறவர்களுக்கென்று செய்திருக்கிறார்கள், நான் விளையாடுவதே இல்லை. ஆனாலும் அதை வாங்கிப் பிடிஎஃப் படிக்கத்தான் போகிறேன், எடை 350 கிராம், உறை வேறு பார்க்க வேண்டும்.